உப்பு, இறால், நண்டு: வடக்கின் உணவுத் தொழிற்சாலைகளும் போன வேலைகளும்

எங்கள் பிரதேசத்தில் தொழிற்சாலை திறந்தால் அது செய்தி. நாடா வெட்டுவார்கள், மங்கள விளக்கேற்றுவார்கள், அமைச்சர் பேசுவார், நாங்கள் படம் எடுப்போம். மூடப்படும்போது அங்கே ஒரு கமராவும் இருக்காது. பல நேரங்களில் மூடப்பட்டதென்றுகூட யாரும் சொல்வதில்லை. வேலைக்கு ஆள் ஏற்றும் வான் ஒரு நாள் வராது, அவ்வளவுதான்.

2025 மார்ச் 29ஆம் திகதி ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலையை கைத்தொழில் அமைச்சர் சுனில் ஹந்துன்னெத்தி திறந்துவைத்தார். அடுத்த சில வாரங்களுக்கு எங்கள் ஊடகங்கள் முழுவதும் ஒரே கேள்விதான்: ஆனையிறவில் விளைந்த உப்புக்கு ஏன் ‘ரஜ லுணு’ என்று பெயர்? நியாயமான கேள்வி. நாடாளுமன்றம் வரை போன கேள்வி. ஆனால் அதே உப்பளத்தின் தொழிலாளர்கள் மே மாதத்தில் வேலையை நிறுத்திவிட்டுத் தங்கள் வேலை நிலைமைகளுக்காகப் போராடியபோது, பெயருக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வித்தியாசம்தான். வடக்கில் உணவைப் பதப்படுத்தும் தொழில்களில் எந்தெந்த வேலைகள் எப்படிப் போயின, போனபோது சுற்றியிருந்த ஊர்களுக்கு என்ன நடந்தது, இன்று அந்த வேலையை இழப்பவருக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பவற்றை ஓரிடத்தில் எழுதிவைக்கப் பார்க்கிறேன்.

உணவு பதப்படுத்தல் என்றால் பெரிய இயந்திரங்கள் மட்டும் என்று நினைக்கவேண்டாம். கடல்நீரை உப்பாக்குவதும், நண்டை அவித்துச் சதை எடுப்பதும், இறாலை உறையவைப்பதும், நெல்லை அரிசியாக்குவதும், கள்ளைப் போத்தலில் அடைப்பதும் அதற்குள் வரும். இந்த வேலைகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஆடைத் தொழிற்சாலைக்குத் துணி எங்கிருந்தோ வரும், உடுப்பு எங்கோ போகும். அது மூடப்பட்டால் தையல் இயந்திரத்தின் முன் இருந்தவருக்கு வேலை போகும். உணவுத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் பக்கத்துக் கடலிலும் வயலிலும் இருந்து வருகிறது. அது மூடப்பட்டால் உள்ளே இருந்தவரோடு கடலில் வலை போட்டவரும் சேர்ந்து விழுவார். எதிர்த்திசையிலும் அப்படித்தான்: கடலில் பிடிபாடு குறைந்தால் தொழிற்சாலைக்குள் வேலை இல்லை.

ஆனையிறவு: உப்போடு போனவை

ஆனையிறவில் உப்பு விளைவதற்குக் காரணம் இடம். கடல்நீரேரி அங்கே ஆழமில்லை. நிலம் தட்டை. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பிறகு மாதக்கணக்கில் வெயில், அதோடு சோளகக் காற்று. நீரை ஆவியாக்க எரிபொருள் தேவையில்லை. தேவைப்படுவது கைப்பக்குவம்தான். கடல்நீரின் செறிவு போமே மானியில் ஏறக்குறைய 3 பாகை காட்டும். அதைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி மாற்றிச் செறிவேற்றுவார்கள். முதலில் ஜிப்சம் படியும், அதை முன்பாத்திகளிலேயே விட்டுவிடவேண்டும். 25 பாகை அளவில் உப்புப் பூக்கத் தொடங்கும். 30ஐத் தாண்டவிட்டால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசக்கும், அதற்கு முன் எஞ்சிய நீரை வடித்துவிடவேண்டும். எந்தப் பாத்தியில் எப்போது மடை திறப்பது என்பது மானியைப் பார்த்து மட்டும் வருவதல்ல. பல வருடங்கள் வெயிலில் நின்றவருக்குத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். உணவுத் தொழிலில் வேலை போகும்போது கூலியோடு போவது இந்த அறிவு. புள்ளிவிபரங்களில் அது ஏறுவதில்லை.

உப்பளத்தைச் சுற்றி உமையாள்புரம், தட்டுவன்கொட்டி, இயக்கச்சி, பரந்தன் என்று ஊர்கள். வாருகிறவர், சுமக்கிறவர், குவிக்கிறவர், சாக்குத் தைக்கிறவர், லொறி ஓட்டுகிறவர், தேத்தண்ணிக் கடைக்காரர் எல்லோருக்கும் அந்த வெள்ளைக் குவியலில் பங்கு இருந்தது. அதைவிடப் பெரிய தொடர்பு ஒன்று உண்டு, இளைய வாசகர்கள் பலர் அறியாதது. சில கிலோமீற்றர் தெற்கே பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. 1950களில் உருவான அந்தத் தொழிற்சாலை உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி எரிசோடாவும் குளோரினும் தயாரித்தது. எரிசோடா சவர்க்காரத்துக்குப் போகும், குளோரின் குடிநீர் சுத்திகரிப்புக்குப் போகும். ஆனையிறவு உப்பு ஒரு பக்கம் கறிச்சட்டிக்கும் கருவாட்டு வாடிக்கும் போனது, மறுபக்கம் நாட்டின் தண்ணீர்த் தாங்கிகளுக்குள் போனது. இன்று பரந்தன் சந்தியைக் கடக்கும்போது தெரிவது அந்தத் தொழிற்சாலையின் சிதைந்த எலும்புக்கூடுதான். அதே பெயரில் இருக்கும் அரச நிறுவனம் குளோரினை இறக்குமதி செய்து விற்கிறது.

1990இல் போர் மீண்டும் தொடங்கியபோது உப்பளம் நின்றது. 1991 யூலையில் அந்தத் திடலைச் சுற்றிப் பெருஞ்சமர். 2000 ஏப்ரலில் முகாம் புலிகளிடம் விழுந்தது. 2009 ஜனவரியில் இராணுவம் திரும்பப் பிடித்தது. உலகத்துக்கு ஆனையிறவு என்றால் இந்த மூன்று திகதிகள். அந்த ஊர்களுக்கு அதன் முதல் அர்த்தம் ஒரு வேலைத்தலம். பாத்தி கட்டிய இடத்தில் காவலரண் கட்டினார்கள், மடை இருந்த இடத்தில் வெடி புதைத்தார்கள். போர் முடிந்தபின் கண்ணிவெடி அகற்றாமல் யாரும் உள்ளே கால்வைக்க முடியாமல் இருந்தது. பின்னர் மன்னாரின் மாந்தை உப்பு நிறுவனத்தின் கீழ் உற்பத்தி படிப்படியாகத் திரும்பியது. 2025இல் அரைத்து, அயடீன் சேர்த்து, பொதியிடும் தொழிற்சாலையும் வந்தது.

அயடீனைப் பற்றி ஒரு சிறு குறிப்பு அவசியம். மனித நுகர்வுக்கான உப்பில் அயடீன் சேர்ப்பது 1995இலிருந்து இலங்கையில் கட்டாயம். சுகாதாரத்துக்கு அது நல்ல சட்டம், அதில் கேள்வியில்லை. ஆனால் அதற்குப் பிறகு உப்பில் இலாபம் இருக்கும் இடம் மாறிவிட்டது. பாத்தியில் அள்ளும் கட்டி உப்புக்குக் கிடைக்கும் காசு வேறு, அதைக் கழுவி, அரைத்து, அயடீன் கலந்து, 400 கிராம் பொதியாக்கினால் கிடைக்கும் காசு வேறு. அந்த இரண்டாவது வேலை எந்த மாவட்டத்தில் நடக்கிறதோ, அந்த மாவட்டத்தில்தான் கூலியும் தங்கும். ஆனையிறவு உப்பு ஆனையிறவிலேயே பொதியாகவேண்டும் என்று கேட்பதற்கு உணர்ச்சி மட்டும் காரணமில்லை. அதற்குள் சாப்பாட்டுக் கணக்கு இருக்கிறது. பையில் எந்தப் பெயர் என்பது எனக்கும் முக்கியம்தான். ஆனால் பையை ஒட்டுகிறவர் நிரந்தரத் தொழிலாளியா, நாட்கூலியா, வெயிலில் உப்புக்குள் நிற்பவருக்குச் சப்பாத்தும் கையுறையும் உண்டா என்பவை பெயருக்கு முன்னால் வரவேண்டிய கேள்விகள் என்பது என் கருத்து.

காரைநகர்: இறால் ஏற்றிய தீவு

தீவகத்துப் பெரியவர்களிடம் சீநோர் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 1967இல் ஆர்னே ஃபியோர்டொஃப்ற் என்ற நோர்வேக்காரரும் அவரோடு வந்த இளைஞர்களும் தொடங்கிய திட்டம் அது. காரைநகரில் படகு கட்டும் தளம், ஐஸ் தொழிற்சாலை, மீனும் இறாலும் பதனிட்டு உறையவைக்கும் நிலையம். குருநகரில் வலைத் தொழிற்சாலை. ஒரே அமைப்புக்குள் படகு, வலை, ஐஸ், பதனிடல், ஏற்றுமதி எல்லாம் இருந்தன. கடற்றொழிலாளிக்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளூர் ஆளுக்கு வேலை. நான் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில் அபிவிருத்தித் தொடர்பாடல் என்ற பாடத்துக்கு ஆபிரிக்க உதாரணங்களைப் படித்தேன். என் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இப்படியொன்று இருந்ததை யாரும் சொல்லித்தரவில்லை.

பின்னர் அது அரச நிறுவனமானது. போர் வந்தபோது பதனிடலும் ஏற்றுமதியும் காரைநகரை விட்டுப் போயின, இறால் உறைந்த அறைகள் கூரையில்லாமல் கிடந்தன. நிறுவனத்தின் பெயர் இன்றும் இருக்கிறது, தலைமையகம் கொழும்பில். பரந்தனில் பார்த்ததுதான் இங்கேயும்: பெயர் தப்பிவிட்டது, வேலை தப்பவில்லை.

நெல்லைப் பற்றி ஒரு பந்தி மட்டும் எழுதுகிறேன், அது தனிக் கட்டுரைக்கான விடயம். இரணைமடுத் தண்ணீரில் கிளிநொச்சி விளைவிக்கும் நெல், அறுவடை நேரத்தில் ஈரத்தோடேயே லொறியில் ஏறித் தெற்கு மாவட்டங்களின் பெரிய ஆலைகளுக்குப் போகிறது. அதே நெல் அரிசியாகிப் பைக்குள் ஏறி எங்கள் கடைகளுக்குத் திரும்பி வருகிறது. போகும்போதும் வரும்போதும் ஏற்றுக்கூலி எங்களுடையது. அவிக்கிற, உலர்த்துகிற, குத்துகிற கூலியும், தவிடும் உமியும் அங்கேயே நின்றுவிடுகின்றன. இங்கே யாரையும் வேலையால் நிறுத்தவில்லை. வரவேண்டிய வேலை வரவே இல்லை. இதையும் வேலை இழப்பென்றுதான் நான் கணக்கில் வைப்பேன்.

நண்டுக் கொட்டில்

போருக்குப் பிறகு வந்த உணவுத் தொழில்களில் பெண்களை அதிகம் உள்வாங்கியது நண்டு. பூநகரிக் கரையில் நாச்சிக்குடா, வலைப்பாடு, இரணைமாதாநகர், மன்னாரில் பேசாலைப் பக்கம், யாழ்ப்பாணத்தில் குருநகரும் தீவகமும் என்று பாக்குநீரிணையின் இலங்கைக் கரை நெடுக நீலக்கால் நண்டு பிடிபடுகிறது. அடியில் விடும் நண்டு வலையில் சிக்குவதைக் காலையில் கொண்டுவந்து, கழித்து, ஐஸ் போட்டு, பதனிடும் நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஆவியில் அவித்து, ஆறவைத்து, ஓடு உடைத்துச் சதை எடுத்து, தரம் பிரித்து, கொள்கலனில் அடைத்து, சூடேற்றிக் கிருமி நீக்கி, குளிரில் வைத்துக் கப்பலேற்றுவார்கள். முக்கியச் சந்தை அமெரிக்கா.

சதை எடுப்பது முழுக்கக் கைவேலை. நீச்சல் காலின் அடியில் இருக்கும் பெரிய சதை உடையாமல் முழுசாக வரவேண்டும், அதற்குத்தான் கூடிய விலை. அது ‘ஜம்போ’. உடைந்தால் ‘லம்ப்’, இன்னும் சிறுத்தால் ‘ஸ்பெஷல்’, காலிலும் கவட்டிலும் எடுப்பது ‘க்ளோ’. இந்த நான்கு சொற்களையும் ஆங்கிலம் படிக்காத அம்மாமார் மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஒரு கிலோ சதைக்கு நாலைந்து கிலோ நண்டு வேண்டும். பல இடங்களில் கூலி எடுத்த சதையின் நிறைக்குத்தான்.

கிளிநொச்சி மாவட்டத்தில் அப்படியொரு நிலையத்துக்கு முன்பு அடிக்கடி போய் வந்திருக்கிறேன். நிலையத்தின் பெயர் இங்கே தேவையில்லை. விடிய முன்னம் வான் ஒழுங்கை ஒழுங்கையாக வந்து ஆட்களை ஏற்றும். வெள்ளை மேலங்கி, தலைக்கு வலைத்தொப்பி, இறப்பர்ச் சப்பாத்து, குளோரின் தண்ணீரில் கை கழுவல், பிறகு உருக்கு மேசை. பின்னேரம் வரும்போது விரல் நுனிகள் ஊறி வெளுத்திருக்கும், ஓடு குத்திய இடத்தில் சிறு சிறு வெட்டு. நல்ல வேலை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களில் பலர் கணவனை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார், காலில்லாத கணவனுக்குச் சோறு போட வந்தவர்கள். வடக்கு கிழக்கில் ஏறக்குறைய 89,000 பெண்கள் போரால் கணவனை இழந்தவர்கள் என்று 2010இல் அரசாங்கமே சொன்ன கணக்கு உண்டு. வீட்டிலிருந்து நடந்தோ வானிலோ போய், பின்னேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும் நேரத்துக்குத் திரும்பக்கூடிய சம்பளவேலை வன்னியில் அவர்களுக்கு எத்தனை இருந்தது? கைவிரல் விட்டு எண்ணலாம்.

இப்போது அந்த நிலையத்துக்கு வான் வருவதில்லை. மூடுகிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. கிழமைக்கு ஆறு நாள் நாலானது, நாலு இரண்டானது, பிறகு நண்டு வந்தால் சொல்லுறம் என்றார்கள். இந்தத் தொழிலில் வேலை போகும் விதம் இதுதான். கதவு ஒரேயடியாக அடைபடுவதில்லை, குளம் வற்றுவதுபோல மெல்ல வற்றுகிறது.

ஏன் வற்றுகிறது? ஒரு காரணமில்லை. 2020இல் கொவிட் வந்து வெளிநாட்டு உணவகங்கள் மூடியதும் கொள்வனவு நின்றது. அதே வருடம் ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையிலிருந்து தொற்றுப் பரவியபின் உள்ளூரிலும் கடலுணவு வாங்கப் பயந்தார்கள். 2022இல் மண்ணெண்ணெய் இல்லை. எங்கள் கரையோரச் சிறுபடகுகளில் பெரும்பகுதி மண்ணெண்ணெயில் ஓடுபவை. மாதக்கணக்கில் தட்டுப்பாடு, கிடைக்கத் தொடங்கியபோது ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதே மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். ஐஸும் குளிரறையும் இல்லாமல் நண்டு இல்லை, மின்சாரம் இல்லாமல் ஐஸ் இல்லை. அதன்பிறகு 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்றது. யூலையில் அதை 30 ஆக்கி, ஓகஸ்டில் 20இல் நிறுத்தியது. ஆடைத் தொழில் என்னாகும் என்று கொழும்பு பதறியது. நண்டைப் பற்றிப் பதற அங்கே ஆளில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது இழுவைமடி. திங்கள், புதன், சனி இரவுகளில் எங்கள் கடற்றொழிலாளர் வலை விடத் தயங்குவார்கள் என்பது இந்தக் கரையில் பிள்ளைக்கும் தெரியும். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வரும் நாட்கள் அவை. நண்டு வலை அடியில் கிடப்பது, இழுவைமடியும் அடியைத்தான் அரித்துக்கொண்டு போகும். ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் வலை முழுவதும் போய்விடும். இலங்கை 2017இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்து இழுவைமடியைத் தடைசெய்தது. வருடாவருடம் ஏப்ரல் 15 தொடக்கம் ஜூன் 14 வரை 61 நாட்கள் தமிழ்நாடு தன் கிழக்குக் கரை விசைப்படகுகளை நிறுத்திவைக்கும், அந்த நாட்களில் எங்கள் கரையில் பிடிபாட்டின் வித்தியாசம் கண்ணால் தெரியும். கிழமையில் மூன்று நாள் கடல் இல்லையென்றால் தொழிற்சாலையில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்பது சின்னக் கணக்கு. கடற்பிரச்சினையை ஆண்களின் பிரச்சினையாகவே எழுதிப் பழகிவிட்டோம். அதனால் வேலை இழக்கும் பெண் அந்தச் செய்திகளில் எங்கும் இல்லை.

ஊருக்கு என்ன நடக்கிறது

முதலில் வான்காரர். ஒரு நிலையம் மூன்று வான் வைத்திருந்தால் மூன்று குடும்பம், லீசிங்கில் எடுத்த வானென்றால் அடுத்த மாதமே நெருக்கடி. பிறகு கடை. வன்னிக் கிராமத்துக் கடை கொப்பிக் கடனில்தான் ஓடுகிறது. சம்பள நாள் இல்லையென்றால் கொப்பி நிரம்பும், கடைக்காரர் சாமான் குறைப்பார். நண்டுக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காததால் கடலுக்குப் போகும் படகு குறையும், வலை கட்டுகிறவருக்கு வேலை குறையும்.

வீட்டுக்குள் நடப்பது இன்னும் மௌனமானது. முதலில் நகை அடைவுக்குப் போகும். நகை இல்லாத வீட்டில் நுண்கடன். வேலைத்தளத்தின் சம்பளத்தை நம்பிக் குழுவாகக் கையெழுத்திட்ட ஐந்து பெண்களுக்கும் ஒரேநாளில் வேலை போனால், ஒருவர் கடனை மற்றவர் கட்டும் ஏற்பாடு அப்படியே உடையும். வறட்சி பாதித்த மாவட்டங்களில் 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, கட்டமுடியாமல் நின்ற பெண்களின் நுண்கடன்களை 2018இல் அரசாங்கம் தள்ளுபடி செய்யவேண்டிய அளவுக்குப் போனது இந்த விவகாரம். அதற்குப் பிறகும் கிழமைக்கு ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து முற்றத்தில் நிற்பவர்கள் நிற்கத்தான் செய்கிறார்கள்.

பிறகு இடம்பெயர்வு. இளையவர்கள் அறிவியல் நகர் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறார்கள். 40 வயதைத் தாண்டியவரை அங்கே எடுப்பது அரிது. அவர்களுக்கு எஞ்சுவது வயலில் நாட்கூலி, அல்லது வளைகுடாவில் வீட்டுவேலை. தாய் வெளிநாடு போன வீட்டில் அம்மம்மாதான் தாய். பல தடவை இடம்பெயர்ந்து ஒருவழியாக ஓரிடத்தில் நிலைத்த குடும்பங்கள் இவை.

சட்டத்தில் என்ன இருக்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் பேசிய பெண்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இது தெரியாது.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், வேலையாட்களின் வேலையை முடிவுறுத்தல் பற்றியது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். தொழிற்சாலையை மூடுவதும் இதற்குள் அடங்கும். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும் அடங்கும். அதாவது நண்டு வந்தால் சொல்லுறம் என்று மாதக்கணக்கில் வீட்டில் இருத்துவதும் கேள்வி கேட்கக்கூடிய ஒன்று. இழப்பீட்டுக்கு வர்த்தமானிச் சூத்திரம் ஒன்று இருக்கிறது: முதல் ஐந்து வருடச் சேவைக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், அதன்பிறகு விகிதம் படிப்படியாகக் குறையும்.

ஆனால் ஒரு முள் இருக்கிறது. முந்திய 12 மாதத்தில் 180 நாட்கள் வேலை செய்தவருக்குத்தான் இந்தச் சட்டம். பருவத்துக்குப் பருவம் வேலை குறையும் இடத்தில் அந்த 180 நாட்களை நிரூபிப்பதுதான் கஷ்டம். வரவுப் பதிவு நிறுவனத்திடம். வான் ஏற்றும் இடத்தில் ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தால், உங்கள் முதலாளி நிறுவனமா ஒப்பந்தக்காரரா என்ற குழப்பமும் சேரும். அதனால்தான் இன்றைக்கு வேலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: சம்பளத்துண்டை எறியாதீர்கள். துண்டு தராவிட்டால் போன நாளையும் எடுத்த கிலோவையும் பிள்ளையின் பழைய கொப்பியில் நீங்களே எழுதுங்கள்.

ஊழியர் சேமலாப நிதி 1958இலிருந்து இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். 1980இன் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். நாட்கூலி, தற்காலிகம், கிலோக்கணக்குக் கூலி எல்லோருக்கும் இது உண்டு. நிரந்தரமானால்தான் சேமலாபம் என்று சொல்வது பிழை. ஐந்து வருடம் முடித்தவருக்கு 1983இன் சட்டப்படி பணிக்கொடை: மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், மற்றவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் கூலி. வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்கவேண்டும். தேசிய குறைந்தபட்ச வேதனம் 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. சேமலாபத்தையும் இழப்பீட்டையும் அதற்குக் குறைந்த தொகையில் கணக்குப் பார்த்தால் கேளுங்கள்.

போருக்கு முன் வேலை செய்தவர்களின் பிரச்சினை வேறு. அங்கத்தவர் இலக்கம் எழுதிய அட்டை ஏதோ ஒரு இடப்பெயர்வில், ஏதோ ஒரு பதுங்குகுழியில் போய்விட்டது. அட்டை போனாலும் நிதியில் போட்ட காசு போகாது. அடையாள அட்டை இலக்கம், வேலை செய்த இடம், வருடங்கள், கூட வேலை செய்தவர்களின் பெயர் ஆகியவற்றோடு மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். இறந்தவரின் பணத்தை உரித்தாளர் கோரலாம். காணாமல் ஆக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு, 2016இன் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி காணப்படாமைக்கான சான்றிதழ் இருக்கிறது. இறப்புச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் அதை வைத்துக்கொண்டு காணாமல் போனவரின் சொத்துகளைத் தற்காலிகமாக நிர்வகிக்க விண்ணப்பிக்கலாம். இந்தச் சான்றிதழையே ஏற்க மறுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய காரணங்களை மதிக்கிறேன், யாரையும் எடுக்கச் சொல்லி இங்கே எழுதவில்லை.

முறைப்பாட்டுக்கு வருகிறேன். வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் திணைக்களத்தில் எழுத்தில் கொடுக்கவேண்டும். தொழில் நியாயசபைக்குப் போவதென்றாலும் ஆறு மாதம்தான். தமிழில் எழுதிக் கொடுக்கலாம், தமிழில் பதில் கேட்கலாம். கொடுத்த கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் திகதியும் வாங்குங்கள். வற்றி வற்றி வேலை போகும் இடங்களில் அந்த ஆறு மாதம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதில்தான் பின்னர் வழக்காடவேண்டி வரும். ஆகவே வான் கடைசியாக வந்த நாள் எது, இனி வராது என்று யார் சொன்னார், நேரிலா தொலைபேசியிலா என்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள்.